ஆஸ்பத்திரிக்குக் கரை போட்ட கதை

1. கழுத்தில் டேப்

என்னை டாக்டர் என்று நினைத்து ஒருவர் கூப்பிட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே வேலை செய்கிற நூற்று நாற்பது பேருக்குப் புது யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டரை எங்கள் யூனிட் எடுத்திருந்தது. அளவெடுக்க நானே போயிருந்தேன். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது, கையில் அளவு நோட்டு. வராண்டா திருப்பத்தில் ஒரு அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, டாக்டரம்மா, எங்க ஊட்டுக்காரர எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

டேப்பை ஸ்டெதாஸ்கோப் என்று நினைத்துவிட்டார். "நான் டெய்லருங்கம்மா" என்றேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. மோகனூர் பக்கம் ஊர், பேர் பாவாயி. வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன். தியேட்டருக்குக் கூட்டிப் போக இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்று நர்ஸ் சொன்னதும், சுடுதண்ணி பிடிக்கக் கீழே இறங்கியிருக்கிறார். திரும்பிப் போக வழி தெரியவில்லை.

"பயந்துக்கிட்டிருந்தாருங்க. நீ எங்கயும் போயராதன்னாரு. இதா வாரேன்னு சொல்லீட்டு வந்தேன்."

நான் கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினேன். அந்த ஆஸ்பத்திரி ஒரே கட்டடம் இல்லை. மூன்று கட்டடங்களை ஒவ்வொரு காலத்தில் கட்டி, நடுவில் பாலம் போட்டு இணைத்திருந்தார்கள். தரை சரிவானதால் ஏ பிளாக்கின் முதல் மாடியில் பாலம் ஏறினால் பி பிளாக்கின் இரண்டாவது மாடியில் போய் இறங்குவோம். எல்லா வராண்டாவும் ஒரே க்ரீம் கலர், ஒரே கதவு, ஒரே இரும்பு நாற்காலி. அம்புக்குறி போட்ட போர்டுகள் இருந்தன. பாவாயம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த நானே அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்து நடந்து கடைசியில் லாண்டரி ரூம் வாசலில் போய் நின்றேன்.

நாங்கள் வார்டைக் கண்டுபிடித்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோய் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. தியேட்டர் கதவில் சிவப்பு லைட் எரிந்தது. பாவாயம்மா ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "நான் உட்டுட்டுப் போயிட்டன்னு நெனச்சிருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் வெளியே வரும்வரை நான் பக்கத்திலேயே இருந்தேன். அன்றைக்கு ஐம்பது பேருக்கு அளவெடுக்க வேண்டியது. பன்னிரண்டு பேருக்குத்தான் எடுத்தேன்.

2. கிரே

என்னைப் பற்றிச் சொல்லவில்லையே. என் பெயர் சரஸ்வதி. திருச்செங்கோட்டில் யூனிஃபார்ம் தைக்கிற சிறிய யூனிட் நடத்துகிறேன். பதினாறு மிஷின், ஒரு கட்டிங் டேபிள். அதற்கு முன்னால் சேலத்தில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் கட்டிங் வேலை. பள்ளிக்கூடம், மில், போர்வெல் ரிக் கம்பெனி, ஹோட்டல் என்று நான் தைக்காத யூனிஃபார்ம் குறைவு. இப்போது இந்தத் தொழிலுக்குப் படித்துவிட்டு வருகிறவர்கள் அழகாகப் படம் வரைகிறார்கள், கம்ப்யூட்டரில் கலர் போடுகிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது துணி, உடம்பு இரண்டும்தான். கட்டடத்துக்கும் எங்கள் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை எனக்குக் காட்டியது அந்த ஆஸ்பத்திரி வேலைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்த ஆர்டர் இப்படி: நர்ஸ், அட்டெண்டர், துப்புரவுப் பணியாளர் எல்லாருக்கும் லைட் கிரே. பாலி காட்டன் துணி, காலர் வைத்த டாப், பேண்ட். கிரே ஏன் என்றால், ஆஸ்பத்திரியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். சேலத்திலிருந்து கதிர் என்று ஒரு ஆர்க்கிடெக்ட் வந்திருந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் போட்டுக் கொடுத்த பிளானில் எல்லாச் சுவரும் வெள்ளை, தரை வெளிர் சாம்பல். ஆட்களும் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் கிரே. லேப்டாப்பில் படமாகப் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. அந்தப் படத்தில் நோயாளிகள் யாரும் இல்லை.

பாவாயம்மா விஷயம் நடந்த மறுநாள் நான் மீதி அளவு எடுக்கப் போனேன். மேற்பார்வை சிஸ்டர் கலா கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு பெரியவர் வந்து கேட்டார்: "ஏனுங்க, காத்தால எனக்கு ஊசி போட்ட அந்த ரோஸ் சீலைக்கார நர்ஸம்மா எங்கீங்க?"

அன்றைக்கு யூனிஃபார்ம் துவைக்கப் போட்டுவிட்டுச் சொந்தச் சேலையில் வந்திருந்த நர்ஸ் ஒருவரைத்தான் கேட்கிறார். சிஸ்டர் கலா வழி சொன்னார். அவர் போனதும் என்னிடம், "இப்படித்தாங்க்கா கேப்பாங்க. யாருக்கும் எங்க பேர் தெரியாது, வார்டு நம்பர் தெரியாது. சீலைக் கலர்தான் தெரியும். நாங்க எல்லாரும் கிரே போட்டுட்டா என்னத்தச் சொல்லிக் கேப்பாங்களோ" என்றார்.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினேன். நேரே டாக்டரம்மா அறைக்குப் போனேன்.

டாக்டரம்மாதான் ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரர். கறாரானவர், ஆனால் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார். முந்தின நாள் நடந்ததைச் சொன்னேன். பிறகு, "மூணு பிளாக்குக்கும் மூணு கலர் வெச்சுக்கலாங்க. அந்தந்த பிளாக்குல வேலை பாக்கறவங்களுக்கு அந்தக் கலர்ல யூனிஃபார்ம். செவுருக்கும் அதே கலர். பச்சை நர்ஸம்மா இருக்கற எடத்துக்குப் போகோணும்னா பச்சையப் பாத்து நடந்தாப் போதும்" என்றேன்.

 டாக்டரம்மா உடனே கதிரைக் கூப்பிட்டார்.

3. உடல், கரை, முந்தி

கதிர் சிரித்துவிட்டார். கிண்டலாக இல்லை, பொறுக்க முடியாத சிரிப்பு.

"அக்கா, மூணு மாடி பச்சை, மூணு மாடி சிவப்பு, மூணு மாடி நீலம்னா கல்யாண மண்டபம் மாதிரி ஆயிரும். பேஷண்டுக்குத் தலை சுத்தும். கலர்ங்கறது டிரஸ்ஸுக்குச் சரி. பில்டிங்ல நாள் முழுக்க உக்காந்திருக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி என்றும் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் புது வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் ஒரு தூண் ஊதா, ஒரு தூண் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு. வீடு கட்டியவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்தால் பாவாயம்மா இன்னும் குழம்பிப்போவார்.

நான் கட்டியிருந்த சேலையைக் குனிந்து பார்த்தேன். சந்தனக் கலர் உடல், அரக்குக் கரை. சட்டென்று முந்தானையை எடுத்து அவர் மேஜைமேல் விரித்தேன்.

"தம்பி, இதப் பாருங்க. இதுல உடல் எவ்வளவு, கரை எவ்வளவு? ஆறு கெஜத்துல பெரும்பாகம் சும்மாதான் இருக்குது. ஆனா தூரத்துல பாக்கறவங்க இத அரக்குச் சீலைன்னுதான் சொல்லுவாங்க. கரை ஓரமாவே ஓடுது, முந்தி வர்ற எடத்துல மட்டும் முழுசா நெறையுது. உங்க வெள்ளைச் செவுரு உடலா இருக்கட்டும். அது மேல நான் கை வெக்கல. கரைய மட்டும் ஓட உடுங்க. எங்க திரும்பணுமோ அந்தச் செவுத்துல முந்தி போடுங்க."

கதிர் முந்தானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு பேப்பரை எடுத்து நீளமான வராண்டாவை வரைந்தார். ஓரமாக ஒரு பட்டை. கடைசியில் இடது பக்கம் திரும்புகிற சுவர் முழுவதையும் பென்சிலால் நிரப்பினார்.

"இது கலர் இல்லக்கா, இது வழி" என்றார். அவர் குரலே மாறியிருந்தது.

அன்றைக்கே முடிவு செய்தோம். ஏ பிளாக் இலைப்பச்சை, பி பிளாக் செங்கல் சிவப்பு, சி பிளாக் மயில் நீலம். யூனிஃபார்மிலும் அதே கணக்கு. உடல் வெளிர் கிரேதான், ஆர்டர் கொடுத்தபடி. கைமுனை, காலர் ஓரம், டாப்பின் கீழ் ஓரம் மூன்று இடத்திலும் பிளாக்கின் கலரில் நான்கு விரல் அகலப் பட்டை. டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார். முதலில் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு மாடியிலும், கீழே மருந்தகத்திலிருந்து அங்கே போகிற வழியிலும் மட்டும் செய்ய வேண்டும். இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் மீதி.

4. கண் விழுகிற உயரம்

சாயமும் பெயிண்டும் ஒத்துப்போவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சாயப்பட்டறையில் சாம்பிள் சாயம் போட்டு வாங்கிய துண்டைப் பெயிண்ட் கடையில் கொடுத்தால், மிஷின் அதைப் பார்த்து அதே கலரைக் கலந்து கொடுக்கும். கடை வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தோம், அச்சாக ஒத்துப்போனது. ஆஸ்பத்திரிக்குள் எல்.இ.டி. லைட்டில் வைத்தால் துணி பச்சையாக இருந்தது, சுவர் நீலத்துக்குப் போய்விட்டது. துணிச் சாயம் வேறு, பெயிண்ட் நிறமி வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது இன்னொன்றில் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கலரையும் அது இருக்கப்போகிற இடத்தில் வைத்துப் பார்க்காமல் நான் ஓகே சொன்னதில்லை. நாலாவது தடவை சாயத்தில் முக்கி எடுத்தபோதுதான் பச்சை கிடைத்தது.

அடுத்த சண்டை உயரத்தில் வந்தது. கதிர் பட்டையைச் சுவரில் ஏழடி உயரத்தில் போட்டு வைத்திருந்தார், கதவு நிலைகளுக்கு மேலாக. கோடு எங்கேயும் உடையாமல் ஒரே நீட்டாக ஓடும், அழகாக இருக்கும் என்றார்.

"அழகா இருக்குது தம்பி. யார் பாப்பாங்க?" என்றேன்.

"நடக்கறவங்க."

"நடக்கறவங்க யாருங்க? முப்பது வருசமா மனுசங்க உடம்பத்தான் அளக்கறேன். சொகமா இருக்கறவன்தான் நெஞ்ச நிமுத்தி நடப்பான். வயித்துல தையல் போட்டவங்க குனிஞ்சு நடப்பாங்க. கூட வர்றவங்களும் அவங்க காலத்தான் பாத்துக்கிட்டு வருவாங்க. இங்க யாரும் ஏழடிக்குத் தலையத் தூக்கறதில்ல."

அவர் நம்பவில்லை. இரண்டு பேரும் வராண்டாவில் நாற்காலி போட்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்தோம். வருகிறவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று அவர் எண்ணினார். மத்தியானத்துக்குள் எழுந்துபோய்ப் பெயிண்டரைக் கூப்பிட்டு, பட்டையை இடுப்பு உயரத்துக்கு, கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் இறக்கச் சொன்னார். அவரே இன்னொன்றும் சேர்த்தார். தரை ஓரத்தில், சுவரோடு சேர்கிற இடத்தில், அதே கலரில் ஒரு ஒல்லிப் பட்டை. "சேலைக்குக் கீழ்க்கரை வேணுமில்லக்கா" என்றார். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

5. செங்கோடன்

முதல் வாரம் நன்றாகப் போனது. சிஸ்டர் கலா பச்சைக் கரை போட்ட டாப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "டூட்டி முடிஞ்சு பஸ்ல போறப்பக்கூட மாத்தத் தோணலக்கா" என்றார். எனக்கு அது பெரிய பாராட்டு. யூனிஃபார்மை டூட்டி முடிந்தவுடன் கழற்றி எறிகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

எட்டாவது நாள் டாக்டரம்மாவிடமிருந்து போன். உடனே வரச் சொன்னார்.

செங்கோடன் என்று ஒருவர், நாற்பது வயது, போர்வெல் ரிக்கில் டிரில்லர். வருஷத்தில் பாதி வெளி மாநிலத்தில் இருப்பார். அவர் அம்மாவை பி பிளாக்கில் சேர்த்திருந்தார்கள். கீழே மருந்தகத்தில் ஊசி மருந்து வாங்கிக்கொண்டு வரும்படி அனுப்பியிருக்கிறார்கள். "செகப்பு பார்டரப் பாத்துக்கிட்டே வந்துருங்க" என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். அவர் மருந்தோடு ஏ பிளாக்குக்குப் போய், அங்கே பச்சைக் கரை போட்ட நர்ஸிடம் கொடுத்து, அவர் இது எங்கள் வார்டு இல்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடியும் சுற்றி ஏ பிளாக்குக்கே வந்திருக்கிறார். ஊசி போட இருபது நிமிஷம் தாமதம். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

நான் போனபோது கதிரும் இருந்தார். செங்கோடன் ஓரமாகத் தலைகுனிந்து நின்றார்.

"கவனிக்காம வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கவனிச்சுத்தானுங்க வந்தேன்" என்றவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்கு அந்த ரெண்டு கலரும் ஒண்ணாத்தானுங்க தெரியுது. சின்னப்பையனா இருக்கறப்ப இருந்தே அப்படித்தான். வெளிய சொல்றதில்லீங்க, சிரிப்பாங்க."

டாக்டரம்மா மேஜைமேல் கை ஊன்றினார். "ஆம்பளைங்கள்ல பல பேருக்கு இது இருக்கும். எனக்கே தோணியிருக்கணும், தோணாமப் போச்சு. ஒருத்தருக்கு வழி காட்டி இன்னொருத்தருக்கு வழி தப்ப விடறதுக்குப் பழைய க்ரீம் கலரே தேவலாம். நிறுத்திக்கலாம், சரஸ்வதி."

 யூனிட்டில் மீதித் துணியை வெட்டுவதற்காக அடுக்கி விரித்து, மேலே அளவுக் கோடும் போட்டு வைத்திருந்தோம். அது இரண்டாவது கவலை. முப்பது வருஷமாகக் கலரோடு புழங்குகிறேன், கலர் தெரியாத கண் ஒன்று உண்டு என்பதை ஒரு நாளும் நினைத்ததில்லை. அதுதான் உறுத்தியது.

கதிர் செல்போனை எடுத்து ஏ பிளாக், பி பிளாக் நர்ஸ்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி என்னிடம் காட்டினார். இரண்டு கரையும் ஒரே சாம்பல். எனக்கே எது எது என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

நான் செங்கோடனைக் காபி குடிக்கக் கூட்டிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அவரோ எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பேச்சோடு பேச்சாக, "ஊட்டுல துணி காயப் போட்டிருந்தா உங்கம்மா சீலை எது, ஊட்டுக்காரி சீலை எதுன்னு எப்படீங்க கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

"அதென்னங்க கஷ்டம்? கரைல இருக்கற டிசைனப் பாத்துத்தான். கட்டங்கட்டமா இருந்தா எங்கம்மாது. வரி வரியா ஓடுனா ஊட்டுக்காரியோடது. கலரு எதுக்குங்க?"

டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "வாங்க, இத நீங்களே டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

6. ஜலகண்டாபுரம்

செங்கோடன் சொன்னதைக் கேட்டு, கலரோடு டிசைனும் போட்டுப் பார்க்க டாக்டரம்மா பத்து நாள் டைம் கொடுத்தார். அன்று சாயங்காலமே கதிரும் நானும் ஜலகண்டாபுரத்துக்குப் போனோம். அங்கே மாதேஸ் என்று எனக்குத் தெரிந்த தறிக்காரர். சேலைக்குத் தனியாகக் கரைப் பட்டை நெய்து கொடுப்பார். ஒரு கலரைச் சும்மா சாயம் போட்டு ஒட்டுவதற்குப் பதிலாக, பட்டையிலேயே டிசைன் வர வேண்டும், பத்தடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும், நூறு தடவை கொதிநீரில் துவைத்தாலும் சுருங்கக் கூடாது என்றேன்.

மாதேஸ் மூன்று டிசைன் போட்டார். ஏ பிளாக்குக்கு வரி. பி பிளாக்குக்குக் கட்டம். சி பிளாக்குக்கு வரிசையாகக் கோபுரம், அதாவது முக்கோணம் முக்கோணமாக. முதல் சாம்பிளில் கோபுரங்கள் ரொம்பச் சின்னதாக இருந்தன. கட்டிக்கொண்டு கிட்டத்தில் நிற்கிறவருக்கு நன்றாக இருக்கும், வராண்டாவின் அந்தக் கோடியில் இருப்பவருக்குத் தெரியாது.

"கல்யாணச் சீலைக்கு நுணுக்கமா இருந்தாத்தானுங்க மதிப்பு" என்றார் மாதேஸ், மனசில்லாமல்.

"இது கிட்ட நின்னு பாக்கற சீலை இல்லீங்கண்ணா. தேடி வர்றவங்க பாக்கற சீலை" என்றேன். அவர் கோபுரத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினார். செங்கல் சிவப்பையும் இரண்டு படி அடர்த்தியாக்கினோம், பச்சையை ஒரு படி வெளிறவைத்தோம். ஒவ்வொன்றையும் கதிர் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தார். இப்போது மூன்றும் மூன்றாகத் தெரிந்தன.

அந்தப் பட்டைகளின் டிசைனைத் தகட்டில் துளையாக வெட்டி, அதைச் சுவரில் வைத்து அதே அளவில் பெயிண்டர் அடித்தார். துணியில் இருக்கிற கட்டமும் சுவர்ப் பட்டையில் ஓடுகிற கட்டமும் ஒரே அளவு; திரும்புகிற முந்திச் சுவரில் மட்டும் அதையே பெரிதாக்கினார். தகட்டின் ஓரத்தில் பெயிண்ட் கொஞ்சம் தடித்து நின்றதால் கையால் தடவினாலும் டிசைன் தெரிந்தது. அது நாங்கள் யோசித்துச் செய்ததில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு போகிற ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி விரலால் சுவரைத் தடவிக்கொண்டே போனதைப் பார்த்தபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

பத்தாவது நாள் டாக்டரம்மா செங்கோடனை வரவழைத்தார். அவர் அம்மா அப்போது தேறி, வீட்டுக்குப் போகிற நிலையில் இருந்தார். மருந்தகத்து வாசலில் அவரை நிறுத்தி, "உங்க அம்மாகிட்டப் போங்க. யாரையும் கேக்கக் கூடாது" என்றார். டாக்டரம்மா, கதிர், நான் மூன்று பேரும் பின்னால் நடந்தோம். பாலத்தில் இரண்டு பக்கமும் வழி பிரிகிற இடத்தில் அவர் நின்றார்.  ஒரு பக்கம் சுவர் முழுக்கப் பெரிய பெரிய வரி. மறுபக்கம் பெரிய பெரிய கட்டம். அவர் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா பக்கம் இதானுங்க" என்று கட்டத்தின் பக்கம் திரும்பி விறுவிறு என்று போய்விட்டார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீதி மாடியெல்லாம் ஆரம்பிச்சுருங்க" என்றார்.

வேலை முழுசாக முடிந்து ஆறு மாதம் கழித்து, அடுத்த செட் யூனிஃபார்ம் கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் ஒருவர் போனில் சத்தமாக யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டப் பில்டிங்குடா. கோபுரப் பில்டிங்குக்குப் போயராத, அது பிரசவத்துக்கு." ஏ, பி, சி என்று இப்போது அங்கே யாரும் சொல்வதில்லை. வரிப் பில்டிங், கட்டப் பில்டிங், கோபுரப் பில்டிங். ஆட்டோக்காரர்கள்கூட அப்படித்தான் கேட்கிறார்கள்.

7. யார் கண்ணுக்கு?

இந்த வேலைக்குப் பிறகு என் அளவு நோட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது. பெயர், உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம். அதற்கு மேலே, பக்கத்தின் தலைப்பில், "யார் பார்ப்பார்கள்?" யூனிஃபார்மைப் போட்டுக்கொள்கிறவருக்கு அது உடம்பில் உட்கார வேண்டும், சரி. ஆனால் அதைப் பார்க்கிறவர் வேறு ஒருவர். அவர் எங்கே நிற்கிறார், எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார், பின்னால் என்ன சுவர் இருக்கிறது, அவர் கண் எப்படிப்பட்டது, அன்றைக்கு அவர் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் கலரைத் தேர்ந்தெடுத்தால், நமக்குப் பிடித்த கலரைத்தான் தேர்ந்தெடுப்போம். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். கதிரும் அப்படித்தான் செய்தார். இரண்டு பேரும் நல்ல தொழில்காரர்கள்தான். அப்படியும் செங்கோடன் வழி தவறினார்.

கதிர் இப்போது கட்டடம் கட்ட ஆரம்பிக்கும்போதே என்னைக் கூப்பிடுகிறார். ஆத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் சேர்ந்து செய்தோம். நான் சொன்னதில் பாதி அவருக்குப் பிடிக்கவில்லை, அவர் சொன்னதில் பாதி எனக்கு. நன்றாக வந்தது.

போன வாரம் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். முட்டை பொறுக்கி அடுக்குகிற பெண்களுக்கு யூனிஃபார்ம் வேண்டுமாம். பண்ணைக்காரர் நல்ல மனிதர், எங்கள் ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். "சும்மா பளிச்சுன்னு மஞ்சள்ல போட்ருங்க்கா" என்றார். நான் ஷெட்டுக்குள் போனேன். முட்டை பொறுக்குகிற பெண்கள் பழைய நீல நைட்டிமேல் பழைய சட்டை போட்டுக்கொண்டு சாதாரணமாக நடமாடினார்கள். கூண்டுகள் அமைதியாக இருந்தன. நான் கட்டியிருந்ததோ ஆரஞ்சுச் சேலை. நாலடி வைத்தேன். வரிசை முழுக்கக் கோழிகள் மிரண்டு, இறக்கை அடித்து, கம்பியில் மோதிக் கத்தின. வெளியே ஓடி வந்துவிட்டேன்.

"புதுக் கலரப் பாத்தா அப்படித்தானுங்க. மிரண்டா முட்டை கொறஞ்சுரும்" என்றார் ஒரு அக்கா, சிரித்துக்கொண்டே.

பண்ணைக்காரரிடம் மஞ்சள் வேண்டாம், நாலைந்து துண்டு கொண்டு வருகிறேன், ஒவ்வொன்றையும் ஷெட்டுக்குள் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏனுங்க்கா, கோழியக்கூடக் கேக்கோணுமா?"

"ஆமாங்க" என்றேன். "நாள் முச்சூடும் பாக்கப் போறது அதுகதானுங்களே."